ரிப்போர்ட்டின் அடியில் யார் கையெழுத்து

பொட்டாசியம் 7.8. கால்சியமோ இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இந்த எண்களை அப்படியே நம்பினால் நோயாளியின் இதயம் எந்த நிமிடமும் தாளம் தப்பலாம். வார்டில் இருக்கும் மருத்துவர் உடனே கால்சியம் குளுக்கோனேட்டை ஏற்றி, இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தை இறக்கப் பார்ப்பார். ஆனால் ஆய்வகத்தில் பழகிய கண் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. ரத்தம் உறையாமல் இருப்பதற்காக அது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தக் குழாயில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சம், அளவு போதாமல் இருந்த மஞ்சள் மூடி உயிர்வேதியியல் குழாயில் ஊற்றப்பட்டிருந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் கூடவே சரியும். நோயாளிக்கு ஒன்றுமில்லை, கோளாறு ரத்தம் எடுத்த விதத்தில். இதைக் கவனிக்காமல் இன்சுலின் போட்டால், சரியாக இருந்த பொட்டாசியம் அபாயகரமாகக் குறையும். அப்போதுதான் நோயாளிக்கு உண்மையான ஆபத்து.

இங்கிலாந்தின் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் இதைக் கண்டுபிடிப்பார். தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதே நேரத்தில் பணியில் இருக்கும் லேப் டெக்னீஷியனும் கண்டுபிடிப்பார். இருவரும் படித்த வேதியியல் ஒன்றுதான். கருவிகளும் பெரும்பாலும் அதே சில பன்னாட்டு நிறுவனங்களின் கருவிகளே. இருவரும் தரம் சரிபார்க்கும் கன்ட்ரோல் மாதிரியை ஓட்டி, லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெஸ்ட்கார்ட் விதிகளைப் பார்த்த பிறகே நோயாளிகளின் மாதிரியைத் தொடுகிறார்கள். வேறுபாடு அடுத்த ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்துக்காரர் அந்த முடிவைத் தன் பொறுப்பில் நிறுத்திவைப்பார். மாதிரி கலப்படமாகியிருக்கிறது, மறுபடி அனுப்புங்கள் என்று ரிப்போர்ட்டில் தானே குறிப்பு எழுதுவார், வார்டுக்குப் போன் செய்வார், யாரிடம் சொன்னார் என்பதைப் பதிவு செய்வார். அந்தத் தீர்ப்பு அவருடையது. தவறினால் கேள்வியும் அவரைத் தேடித்தான் வரும். நம் ஊரின் நல்ல ஆய்வகங்களிலும் டெக்னீஷியன் போன் செய்வார், பதிவேட்டில் எழுதுவார். ஆனால் முடிவை வெளியிடும் அதிகாரமும் அதற்கான பொறுப்பும் வேறொருவருடையவை. ரிப்போர்ட்டின் அடியில் இருப்பது ஒரு மருத்துவரின் கையெழுத்து.

பிரிட்டனின் பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டத்தையும் தமிழ்நாட்டின் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) பட்டத்தையும் இந்த இடத்திலிருந்து ஒப்பிடுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பாடத்திட்டங்களை மட்டும் அருகருகே வைத்தால் இரண்டும் சகோதரிகள் போலத்தான் தெரியும். ஒரு சமூகம் இந்தப் படிப்பை முடித்தவர் கையில் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க மறுக்கிறது என்று பார்க்கும்போதுதான் வேறுபாடு தெளிவாகிறது.

பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் மூன்று ஆண்டு ஆனர்ஸ் பட்டம், ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் உயிரணுவியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மரபியல், புள்ளியியல். பிறகு மருத்துவமனை ஆய்வகத்தின் பிரிவுகள் ஒவ்வொன்றாக வரும்: ரத்தவியல், ரத்தமேற்றல், மருத்துவ உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய் எதிர்ப்பியல், திசு நோயியல். கடைசி ஆண்டில் ஒரு ஆய்வுத் திட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் எம்.எல்.டி. பட்டத்திலும் இதே பிரிவுகள் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு, அதன் மேல் ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப். பிரிட்டிஷ் பட்டத்தில் மூலக்கூறு உயிரியலும், ஆய்வுக் கட்டுரையை வாசித்து அதன் குறைகளை எடைபோடும் பயிற்சியும் கூடுதல். நம் பட்டத்தில் கைவேலை கூடுதல்.

அந்தக் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் எம்.எல்.டி. மாணவர் ஓராண்டு முழுவதும் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் நிற்கிறார். காலை எட்டு மணிக்கு வெளிநோயாளிகள் வரிசையில் ரத்தம் எடுக்கிறார். மலேரியா ஸ்லைடைத் தானே பூசி, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் லென்ஸின் கீழ் தேடுகிறார். சளி மாதிரியில் காசநோய்க் கிருமியை ஸீல்–நீல்சன் முறையில் சிவப்பாக்கிக் காட்டுகிறார். டயாலிசிஸ் பிரிவிலிருந்து வரும் மாதிரிகளின் விசித்திரங்கள் அவருக்குப் பழகிப்போகின்றன. நாளொன்றுக்குக் கை தொடும் மாதிரிகளின் எண்ணிக்கையிலும், கண்ணால் பார்க்கும் தொற்றுநோய்களின் வகையிலும் இங்கிலாந்து மாணவர் இவருக்கு அருகில்கூட வர முடியாது. இந்த இன்டர்ன்ஷிப் பட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் பயிற்சிக்கான வாசல் குறுகல். பட்டம் பெற்றவுடன் யாரும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆகிவிடுவதில்லை. முதலில், பட்டம் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோமெடிக்கல் சயின்ஸ் என்ற தொழில் அமைப்பின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அடுத்து, அந்த அமைப்பு ஒப்புக்கொண்ட மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் பயிற்சி பெற்று, ரெஜிஸ்ட்ரேஷன் போர்ட்ஃபோலியோ எனப்படும் சான்றுத் தொகுப்பை முடிக்க வேண்டும். இதற்குச் சுமார் ஓராண்டு ஆகும். தான் செய்த வேலை, தனக்குப் புரிந்த கோட்பாடு, தவறு நேர்ந்தபோது எடுத்த நடவடிக்கை எல்லாவற்றுக்கும் அதில் ஆதாரம் வேண்டும். வெளியிலிருந்து ஒரு சரிபார்ப்பாளர் வந்து கேள்வி கேட்பார். அதில் தேறினால் தகுதிச் சான்று கிடைக்கும். அந்தச் சான்றோடு எச்.சி.பி.சி. என்ற சட்டபூர்வமான சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர் தன்னை பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று அழைத்துக்கொள்வது அங்கே குற்றம்.

கேட்க ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் போர்ட்ஃபோலியோ முடிக்க ஆய்வகத்தில் இடம் வேண்டும், அந்த இடங்களோ குறைவு. பட்டத்தின் நடுவிலேயே ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியைப் பெறும் மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் பட்டம் வாங்கிய பின் பயிற்சிப் பணிக்காகக் காத்திருக்கிறார்கள். பலர் மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டன்ட் என்ற கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, வந்த மாதிரிகளைப் பிரித்து, பார்கோடு ஒட்டி, மையவிலக்குக் கருவியில் வைத்துக்கொண்டு, எப்போதாவது போர்ட்ஃபோலியோவுக்கு வழி பிறக்கும் என்று ஓரிரு ஆண்டுகள் கடத்துகிறார்கள். ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம் கட்டி ஆனர்ஸ் பட்டம் வாங்கியவரை இந்த நிலையில் நிறுத்துவது அநீதி என்றே நான் கருதுகிறேன். பயிற்சியைப் பட்டத்தோடு சேர்த்தே தரும் விஷயத்தில் பிரிட்டன் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உயர்ந்த பெயருள்ள பல்கலைக்கழகம் என்றால் வாசல் எளிதில் திறக்கும் என்று நினைப்போம். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் பயோமெடிக்கல் சயின்சஸ் பட்டம் மூளை, உயிரணு, மருந்து ஆய்வு ஆகியவற்றை நோக்கிச் செல்வது. மருத்துவமனை ஆய்வக மேசைக்கு ஆளைத் தயாரிப்பது அதன் நோக்கமே அல்ல. அந்த மேசைக்கு நேர்வழி போடும் அங்கீகாரம் பெற்ற பட்டங்கள் போர்ட்ஸ்மத், அல்ஸ்டர், நாட்டிங்ஹாம் ட்ரென்ட் போன்ற இடங்களில் இருக்கின்றன. தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுக்கும் நம் பெற்றோருக்கு இது புதிராக இருக்கும். முனைவர் பட்டம் வரை போய் ஆய்வாளராக நினைப்பவருக்கும், மருத்துவமனையில் வேலை பார்க்க நினைப்பவருக்கும் அங்கே பாதை தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது. நம் நாட்டிலும் இப்படியொரு பிரிவு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் உள்ள பயோமெடிக்கல் சயின்ஸ் ஆனர்ஸ் படிப்பு ஆய்வை நோக்கியது. மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போக வேண்டியவர் எம்.எல்.டி. தான் படிக்க வேண்டும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் ஆய்வகப் பணியாளர்களும் முதலில் உதவியாளர்களாகத்தான் இருந்தார்கள். 1912இல் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே உதவியாளர் என்பது இருந்தது. அந்தச் சங்கம் தேர்வுகளை நடத்தியது, பாடத்திட்டம் வகுத்தது, பெயரை மூன்று முறை மாற்றிக்கொண்டு 1994இல் இப்போதைய நிறுவனமாக நின்றது. நடுவில் 1960இல் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான சட்டம் வந்தது. ஆய்வகப் பணியாளர்களுக்கு அரசுப் பதிவேடு கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். அந்தப் பொறுப்பு 2002இல் புதிய மன்றத்துக்கு மாறியது. அதுதான் இன்றைய எச்.சி.பி.சி. இன்று அந்தப் பதிவேட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, இடைப்பட்ட காலத்தில் என்ன புதிதாகக் கற்றாய், காட்டு என்று கேட்பார்கள். ஒருவர் மேல் கடுமையான புகார் வந்தால் விசாரணை பொதுவெளியில் நடக்கும், பெயர் நீக்கப்படவும் கூடும். ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் அதைப் பறிக்கும் வழியையும் வைத்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் அங்கே மருத்துவர்கள் ஆய்வக முடிவுகளை வெளியிடும் பொறுப்பை நிம்மதியாக விட்டுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயியல் மருத்துவர் அங்கே இல்லாமல் போகவில்லை. ரத்தப் படலத்தில் லுகேமியா அணு போல ஏதாவது தெரிந்தால் அது அவர் மேசைக்குத்தான் போகும். நூற்றுக்கணக்கான சாதாரண ரிப்போர்ட்டுகளில் கையெழுத்திடும் வேலைதான் அவரிடமிருந்து இறங்கியது.

இந்தியாவில் வரலாறு வேறு விதமாகப் போயிற்று. சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று மூன்று படிகளில் படித்தவர்கள் ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்தார்கள். எங்கே படித்தார்கள் என்று கேட்கப் பொதுவான பதிவேடு கிடையாது. எட்டுக்கு எட்டு அறையில் யாரும் ஆய்வகம் திறக்கலாம் என்ற நிலை நெடுநாள் நீடித்தது. இதைக் கட்டுப்படுத்த முற்பட்டபோது நீதிமன்றத்தின் முன் இருந்த ஒரே பதிவேடு மருத்துவர்களுடையது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நோயியலில் பட்டமேற்படிப்பு படித்த பதிவுபெற்ற மருத்துவரே ஆய்வக ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்றது. போலிகளைத் தடுக்கும் நோக்கத்தில் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் இருபது ஆண்டு அனுபவமுள்ள எம்.எல்.டி. பட்டதாரியும், பிளஸ் டூவுக்குப் பின் ஆறு மாதம் எங்கோ கற்றுக்கொண்டவரும் சட்டத்தின் முன் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. சிறிய ஊர்களில் நடந்தது என்ன என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரே மருத்துவரின் பெயர் பல ஆய்வகங்களின் ரிப்போர்ட்டில் அச்சாகிறது. அவர் எல்லா மாதிரிகளையும் பார்ப்பது இயலாத காரியம். பார்க்கிறவருக்குப் பெயர் இல்லை, பெயருள்ளவர் பார்ப்பதில்லை. நோயாளிக்கு இதனால் பாதுகாப்பு கூடியதாக நான் நம்பவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது கவனிக்கத் தக்கது. ரத்த வங்கி. இந்தியச் சட்டத்தில் ஏற்றுவதற்கான ரத்தம் மருந்தாகக் கருதப்படுகிறது. ஆகவே அது மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் கீழ் வருகிறது. அந்த விதிகள் ரத்த வங்கியில் யார் டெக்னீஷியனாக இருக்கலாம், என்ன படித்திருக்க வேண்டும், எத்தனை மாத அனுபவம் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கின்றன. எம்.எல்.டி. பட்டதாரிக்கு ஆறு மாத அனுபவம் போதும், டிப்ளமோ என்றால் ஓராண்டு. ஏ, பி, ஓ வகை பார்ப்பதிலும் கிராஸ்மேட்ச் செய்வதிலும் நேரும் ஒரு தவறு அந்த மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும் என்பதால் இந்தக் கண்டிப்பு. மருந்தின் பெயரால் ரத்த வங்கிக்குக் கிடைத்த இந்த ஒழுங்கு, சர்க்கரையும் கிரியாட்டினினும் பார்க்கும் பக்கத்து அறைக்கு எட்டவில்லை. பக்கத்து அறையில் நேரும் தவறும் உயிரைப் பறிக்கக்கூடியதுதான், கொஞ்சம் மெதுவாக.

கோவிட் காலம் இரண்டு முறைகளையும் ஒரே நேரத்தில் சோதித்தது. பிரிட்டன் அரசு தன் மருத்துவமனை ஆய்வகங்களைப் பெருக்குவதற்குப் பதிலாக, 2020 ஏப்ரலிலிருந்து மில்டன் கீன்ஸ் போன்ற இடங்களில் லைட்ஹவுஸ் என்ற பெயரில் மாபெரும் புதிய பரிசோதனைக் கூடங்களைத் திறந்தது. அவற்றில் வேலை செய்த பலர் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள். பதிவுபெற்ற பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகளை ஓரங்கட்டுவது சரியல்ல என்று அவர்களுடைய அமைப்பு அப்போதே குரல் எழுப்பியது. அடுத்த ஆண்டு வுல்வர்ஹாம்ப்டனில் அரசு ஒப்பந்தம் பெற்ற ஒரு தனியார் கூடத்தில், பாசிட்டிவா நெகட்டிவா என்று பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தவறாக வைத்துவிட்டார்கள். 2021 செப்டம்பர், அக்டோபரில் சுமார் 43,000 பேருக்குத் தொற்று இல்லை என்று தவறான செய்தி போயிருக்கலாம் என்று அரசே அறிவித்தது. அவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி மக்கள். வீட்டில் பாசிட்டிவ் காட்டிய பலருக்கு ஆய்வகத்தில் நெகட்டிவ் வருவதைப் பார்த்த பின்தான் சந்தேகம் வந்தது. எவ்வளவு நல்ல பதிவேடு இருந்தாலும், அதில் இருப்பவர்களை மேசையில் உட்கார வைக்காவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ்நாடு எதிர்த்திசையில் போயிற்று. பல மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் பரிசோதனையை நம்பியபோது, தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதுமாக ஆர்டிபிசிஆர் முறையையே பிடித்துக்கொண்டது. கிண்டி கிங் நிறுவனம், அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள் என்று ஏற்கெனவே இருந்த ஆய்வகங்களே விரிந்தன. இரவு பகலாக ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்தவர்களில் பெரும்பகுதியினர் டெக்னீஷியன்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். தொழில் பதிவேடு இல்லாமலேயே இந்த வேலை இவ்வளவு தரத்தோடு நடந்தது. அதற்குப் பிறகும் அவர்களுடைய நிலை பெரிதாக மாறவில்லை. வேலை நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான்.

படித்து முடித்தவர் எவ்வளவு உயரம் ஏறலாம்? பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியில் (என்.எச்.எஸ்.) சம்பளப் படிகள் வெளிப்படையானவை. பதிவுபெற்ற புதியவர் பேண்ட் 5இல் தொடங்குகிறார். 2025–26இல் இங்கிலாந்தில் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஒரு துறையில் ஸ்பெஷலிஸ்ட் போர்ட்ஃபோலியோ முடித்தால் பேண்ட் 6, சீனியர் என்றால் 7. அதற்கு மேலும் வழி உண்டு. திசு நோயியலில் அறுவைக்குப் பின் வரும் உறுப்பை அளந்து, வெட்டி, எந்தத் துண்டைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலை ஒரு காலத்தில் மருத்துவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அதற்கென்று தனித் தேர்வு எழுதிய பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகள் அதைச் செய்கிறார்கள். ராயல் காலேஜ் ஆஃப் பேதாலஜிஸ்ட்ஸோடு இணைந்து நடத்தப்படும் பயிற்சியை முடித்த சிலர், குடல், தோல் திசுக்களைப் பார்த்து நோயறிதல் ரிப்போர்ட்டே எழுதுகிறார்கள். இன்னொரு கிளை கிளினிக்கல் சயின்டிஸ்ட். எஸ்.டி.பி. என்ற மூன்றாண்டுப் பயிற்சி, சம்பளத்தோடு, முடிவில் முதுகலைப் பட்டம். ஆனால் போட்டி கடுமை. அதிலிருந்து இன்னும் ஐந்தாண்டு பயின்று கன்சல்டன்ட் நிலைக்குப் போகிறவர்களும் உண்டு. மருத்துவப் பட்டம் இல்லாமலேயே ஒரு பிரிவின் தலைவராகலாம்.

நம் ஏணிக்குப் படிகள் குறைவு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வானால் அரசு வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி ஆளாக நின்று, கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபினிலிருந்து சளிப் பரிசோதனை வரை எல்லாம் பார்க்கும் வேலை. அது மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேலை, மரியாதைக்குரிய வேலை. ஆனால் இடங்கள் குறைவு, பதவி உயர்வு மந்தம். தனியார் ஆய்வகத்தில் தொடக்கச் சம்பளம் நகரத்து வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. எம்.எஸ்சி. எம்.எல்.டி. படித்தால் கல்லூரியில் ஆசிரியராகலாம், பெரிய ஆய்வகத்தில் தர மேலாளராகலாம். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் கேட்கும் ஆய்வகங்கள் பெருகியிருப்பதால் இந்தத் தர மேலாண்மை வேலைக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. வேலூர் சிஎம்சி நாடு முழுவதும் உள்ள ஆய்வகங்களுக்கு நடத்தும் வெளித்தர மதிப்பீட்டில் கலந்துகொண்டு, தங்கள் எண்கள் மற்றவர்களுடையவற்றோடு எங்கே நிற்கின்றன என்று மாதந்தோறும் பார்க்கும் சிறு நகர ஆய்வகங்கள் இன்று பல. அங்கே புள்ளிவிவரம் புரிந்த ஒரு டெக்னாலஜிஸ்ட்டின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. இவற்றைத் தவிர்த்தால், மிச்சம் இருப்பது வளைகுடா. டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு, பிறகு ரியாத்தோ துபாயோ. இங்கே கிடைக்காத தொழில் உரிமத்தை அங்கே போய்த்தான் நம் பிள்ளைகள் முதல்முதலாகக் கையில் வாங்குகிறார்கள்.

இரண்டு நாடுகளிலும் இந்தப் படிப்பில் சேருகிறவர்களில் ஒரு பகுதியினர் மருத்துவம் கிடைக்காமல் வருகிறவர்கள். இங்கே நீட் மதிப்பெண் போதாதவர்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வுக்கு வருகிறார்கள். அங்கே பயோமெடிக்கல் பட்டத்தை முடித்துவிட்டு, பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்கு முயல்கிறார்கள். வாரிக் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு படிப்பு இருக்கிறது. இந்தியாவில் அந்த இரண்டாம் வாசல் இல்லை. ஏக்கத்தோடு மூன்று ஆண்டையும் கழிப்பவரைவிட, ஸ்லைடில் ஒரு ஒட்டுண்ணியைத் தானே கண்டுபிடிப்பதில் மகிழ்பவர் இந்தத் துறையில் நெடுந்தூரம் போவார் என்பதைச் சேரும் முன்பே யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி அவசியம். தமிழ்நாட்டிலிருந்து பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் ஆண்டுதோறும் ஓராண்டு எம்.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்க பிரிட்டனுக்குப் போகிறார்கள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்துக்கு வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறது. எம்.எஸ்சி. முடித்தால் என்.எச்.எஸ். ஆய்வகத்தில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் வேலை என்று முகவர்கள் சொல்வதை நம்புகிறார்கள். அந்த எம்.எஸ்சி. மட்டும் யாரையும் பதிவேட்டில் சேர்க்காது. இளங்கலைப் பட்டத்தைத் தொழில் அமைப்பு மதிப்பிட்டு, விடுபட்ட பாடங்களைப் படிக்கச் சொல்லும். அதன் பிறகும் போர்ட்ஃபோலியோ வேண்டும், போர்ட்ஃபோலியோவுக்குப் பயிற்சி இடம் வேண்டும். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடக் கிடைக்கும் விசா காலமோ குறுகியது, அதுவும் மேலும் சுருங்கிவருகிறது.

இதற்கு மாறாக, எம்.எல்.டி. பட்டத்தோடு இன்டர்ன்ஷிப்பும் முடித்து, தரமான ஆய்வகத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவருக்கு எச்.சி.பி.சி.யின் பன்னாட்டு விண்ணப்ப வழி இங்கிருந்தபடியே திறந்திருக்கிறது. படிப்பும் பயிற்சியும் அனுபவமும் சேர்ந்து தங்கள் தகுதித் தரத்தை எட்டுகின்றனவா என்று மன்றம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக எடைபோடும். எல்லோரும் தேறுவதில்லை. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஆனாலும், சொத்தை அடகு வைத்து எம்.எஸ்சி. போன பயோடெக் பட்டதாரியைவிட, நம் ஊரில் பலர் தாழ்வாகப் பார்க்கும் எம்.எல்.டி. படித்த பிள்ளை அந்தப் பதிவேட்டுக்குப் பல நேரம் நெருக்கமாக நிற்கிறது.

நம் நாட்டுப் பதிவேடும் காகிதத்தில் வந்துவிட்டது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் முதல் இடத்தில் இருப்பது மருத்துவ ஆய்வகத் துறைதான். டிப்ளமோவுக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதாரத் தொழில் வல்லுநர் என்ற நிலைக்கான பட்டத்துக்கு 3,600 மணி நேரம் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்கிறது சட்டம். ஆறு மாதத்துக்குள் மாநில மன்றங்களை அமைக்கவும் சொன்னது. ஆண்டுகள் கடந்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இரண்டு மாதத்தில் செயல்படுத்துங்கள் என்று மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் கெடு வைக்க வேண்டியதாயிற்று. மன்றங்கள் பெயரளவில் நின்றுவிடாமல் ஒவ்வொருவரின் படிப்பையும் பயிற்சியையும் சரிபார்த்துப் பெயரைப் பதிய வேண்டும். தவறு செய்தவரை விசாரிக்கும் முறையும் அதோடு வேண்டும். அது நடந்தால், பதிவுபெற்ற டெக்னாலஜிஸ்ட் எந்தெந்தப் பரிசோதனை முடிவைத் தன் பெயரில் வெளியிடலாம் என்ற கேள்வியை நீதிமன்றத்திடமும் நோயியல் மருத்துவர்களிடமும் ஆதாரத்தோடு எழுப்பலாம்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் அதற்குள் செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தப் பிரிவில் எத்தனை வாரம் நின்றார்கள், என்னென்ன பரிசோதனையைத் தாங்களே செய்தார்கள், யார் மேற்பார்த்தார் என்பதை இன்டர்ன்ஷிப் லாக் புத்தகத்தில் அன்றன்றே எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவைக்க வேண்டும். பாடத்திட்டத்தின் முழுப் பிரதியையும் மணிக் கணக்கோடு பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க வேண்டும். மாநில மன்றமானாலும் லண்டனில் இருக்கும் மன்றமானாலும் முதலில் கேட்கப்போவது இந்த இரண்டையும்தான். ஐந்தாண்டு கழித்துத் தேடினால், அன்று மேற்பார்த்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.